மழையிலும் வெளியே விடுங்கள்

ஜெர்மனியில் பிள்ளையைக் கிண்டர்கார்டனில் சேர்க்கும்போது ஒரு பட்டியல் தருவார்கள். அதில் நோட்டுப் புத்தகமோ பென்சிலோ இருக்காது. ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டு, சேற்றில் உட்கார்ந்தாலும் நனையாத 'மாட்ச்ஹோஸே' கால்சட்டை, மாற்றுத் துணி. இவ்வளவுதான். "படிக்க அனுப்புறோமா, நாத்து நட அனுப்புறோமா?" என்று கேட்ட நண்பரும் உண்டு.

இங்கே உள்ளவர்கள் அடிக்கடி சொல்வது இது: மோசமான வானிலை என்று ஒன்று கிடையாது, பொருத்தமில்லாத உடுப்புதான் உண்டு. தூறலோ பனியோ, தினமும் பிள்ளைகளை வெளியே விடுவார்கள். இதில் ஒரு படி மேலே போனவை 'வால்ட்கிண்டர்கார்டன்' எனும் காட்டுப் பள்ளிகள். வகுப்பறைக்குப் பதிலாகக் காடு. டென்மார்க்கில் 1950களில் தொடங்கிய இந்த முறை 1968இல் ஜெர்மனியின் வீஸ்பாடன் நகருக்கு வந்தது. 1993இல் ஃபிளென்ஸ்புர்க்கில் அரசு அங்கீகாரம் கிடைத்தது. இன்று நாடு முழுக்க இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன.

சரி, நம்ம வீடுகளில் என்ன நடக்கிறது? சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, அபாகஸ், பரதம். ஞாயிற்றுக்கிழமை செஸ், கீபோர்டு. மிச்ச நேரம் டேப்லெட். கொஞ்சம் வெளியே விட்டால் வீடியோ காலில் பாட்டி, "மழையில விடாதப்பா, சளி பிடிச்சுக்கும்" என்பார். கோடை வந்தால் அடுத்த பாட்டு: "வெயில்ல நிக்காத, கறுத்துடுவ."

சளி வைரஸால் வருகிறது, மழையால் அல்ல. இரண்டாவது பேச்சு இன்னும் மோசம். வகுப்பில் தன் நிறத்தில் வேறு யாருமே இல்லாத பிள்ளையிடம், அந்த நிறத்துக்குப் பயப்படச் சொல்லி வீட்டிலேயே கற்றுக்கொடுக்கிறோம். உண்மையில் கருமையான தோல் வைட்டமின் டி தயாரிக்க, வெள்ளைத் தோலைவிட அதிக நேரம் வெயில் வேண்டும். வட ஐரோப்பாவில் நம்ம பிள்ளைகளுக்குத்தான் வெயில் கூடுதலாகத் தேவை.

அடுத்து கண். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் ஒரு ஆய்வு நடந்தது. பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் வெளியே கூடுதல் வகுப்பு வைத்தார்கள். மூன்று ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது 30.4 சதவீதம் பேருக்கு. மற்ற பள்ளிகளில் அது 39.5 சதவீதம். தைவான் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகள் தினமும் 120 நிமிடம் வெளியே இருக்கவேண்டும் என்று ஒரு திட்டமே நடத்துகிறது. வெளிச்சம்தான் முக்கியக் காரணம் என்று கருதுகிறார்கள். நல்ல விளக்கு போட்ட அறையில் 500 லக்ஸ் இருந்தால் அதிகம். வெளியே மர நிழலில்கூட அதைப்போலப் பல மடங்கு வெளிச்சம் உண்டு.

"அப்போ படிப்பு?" என்று கேட்கலாம். இங்கே பல விளையாட்டுத் திடல்களில் மணலும் கையால் அடிக்கும் தண்ணீர்ப் பம்பும் இருக்கும். நாலு பிள்ளைகள் சேர்ந்து வாய்க்கால் வெட்டி, அணை கட்டி, அது உடைந்ததும் எங்கே உடைந்தது என்று சண்டை போட்டு மறுபடி கட்டுவார்கள். நாங்கள் ஆபீஸில் சம்பளம் வாங்கிக்கொண்டு 'டீபக்கிங்' என்று செய்வதும் இதைத்தானே!

தமிழுக்கும் இதில் லாபம் உண்டு. வெளிநாட்டில் வளரும் பல பிள்ளைகளின் தமிழ் "சாப்பிடு, குளி, தூங்கு" என்று நாலு சுவருக்குள் நின்றுவிடுகிறது. நத்தை, மொட்டு, சறுக்கல், ஈரம், சருகு, மரங்கொத்தி எல்லாம் வெளியே போனால்தான் வாயில் வரும். தமிழ்ப் பள்ளிகள் மாதம் ஒரு வகுப்பையாவது பூங்காவில் வைக்கலாம். கோணல்மாணலாகப் பாண்டிக் கட்டம் போட ஒரு சாக்பீஸ் போதும்.

கவனமும் வேண்டும். காட்டுக்குப் போய் வந்தால் மாலையில் உடம்பில் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். தெற்கு ஜெர்மனியில் இருப்பவர்கள் உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கோடை நண்பகலில் தொப்பியும் சன் கிரீமும் போடுங்கள். இவையெல்லாம் வெளியே போவதற்கான ஏற்பாடுகள்தான், வீட்டிலேயே இருப்பதற்கான காரணங்கள் அல்ல.

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். வாரக் கடைசி வகுப்புகளில் ஒன்றைக் குறைத்துவிட்டு, அந்த நேரத்தில் பிள்ளையோடு வெளியே போய்ப் பாருங்கள். அழுக்கான துணியை மெஷின் துவைத்துக்கொள்ளும்.