டிரெய்லரில் ஏற்றிய கனரக யந்திரங்களைப் பிணிக்கும் முறை

நிலத்தைச் சமன் செய்யவும், பண்ணைக் குட்டை வெட்டவும், வாய்க்கால்களைத் தூர் வாரவும் புல்டோஸர், பொக்லைன் முதலிய யந்திரங்கள் இக்காலத்தில் கிராமங்களுக்கு வந்து போகின்றன. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறையார் இவற்றை விவசாயிகளுக்கு வாடகைக்குக் கொடுத்து வருகின்றனர். இவை வயலில் செய்யும் வேலையை யாவரும் அறிவர். ஆயினும், ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு டிரெய்லரில் செல்லும் பிரயாணத்தைக் கவனிப்போர் சிலரே. வயலில் நேராத அபாயம் சாலையில் நேரக்கூடும். சரியாகப் பிணிக்கப்படாத யந்திரம் சரிந்தால், வண்டியோட்டியின் உயிருக்கும் வழியே செல்வோரின் உயிருக்கும் ஆபத்தாகும்.

கனமே காவலாகாது

"இத்தனை கனமான யந்திரம் எங்கே நகரப் போகிறது?" என்று எண்ணுவது பெருந்தவறு. நெல் மூட்டை ஏற்றிய வண்டி திடீரென்று நின்றால் மேல் மூட்டைகள் முன்னே சரிவதைக் குடியானவர்கள் கண்டிருப்பர். யந்திரத்திற்கும் அதே விதிதான். எடை கூடக்கூடத் தளத்தின்மேல் அதன் பிடிப்பும் கூடும் என்பது உண்மையே. ஆனால் வண்டி நிற்கும்போது முன்னே தள்ளும் விசையும் அதே அளவில் கூடுகிறது. ஆகவே கனத்தால் யாதொரு லாபமும் இல்லை. மேலும், இரும்புத் தடம் இரும்புத் தளத்தின்மேல் எளிதில் வழுக்கும். சேறோ, எண்ணெயோ, மழைநீரோ இடையில் இருப்பின் பிடிப்பு இன்னும் குறையும். தடத்தின் கீழ் மரப்பலகை அல்லது ரப்பர் விரிப்பு இடுவது நலம்.

எத்தனை சங்கிலி வேண்டும்?

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மத்திய விதிகள் இதற்கு ஒரு தெளிவான கணக்கைத் தருகின்றன. பிணைப்பானது முன்புறம் பாரத்தின் எடையில் 10-ல் 8 பங்கு விசையையும், பின்புறமும் பக்கங்களிலும் பாதி எடை விசையையும் தாங்க வேண்டும். 15 டன் புல்டோஸரானால் முன்னே தள்ளும் விசை 12 டன் ஆகிறது. சுமார் 4,500 கிலோவுக்கு மேற்பட்ட யந்திரத்திற்குக் குறைந்தது 4 பிணைப்புகள் வேண்டும் என்பதும், பிணைப்புகளின் வேலைப் பளுவைக் கூட்டினால் பாரத்தில் பாதிக்காவது வரவேண்டும் என்பதும் அவ்விதிகளில் உள்ளவை.

வேலைப் பளு என்பது சங்கிலி அறுபடும் பலமன்று. அதனினும் மிகக் குறைவாக, நாள்தோறும் அச்சமின்றி ஏற்றத்தக்க அளவு. 70-ஆம் தரத்து 3/8 அங்குலச் சங்கிலிக்கு இது சுமார் 2,990 கிலோ. டிரெய்லரின் வளையத்திலிருந்து நேரே யந்திரத்தின் கண்ணியில் மாட்டும் சங்கிலிக்கு இதில் பாதியே, அதாவது 1,495 கிலோவே, கணக்கில் கொள்ளப்படும். 15,000 கிலோ யந்திரத்திற்கு வேண்டுவது 7,500 கிலோ. நான்கு சங்கிலிக்கு 5,980 கிலோதான் வருகிறது, ஐந்துக்கு 7,475, அதுவும் சற்றுக் குறைவே. ஆகவே ஆறு சங்கிலிகள் தேவை. மூலைக்கு ஒன்றாக நான்கு போட்டால் போதும் என்று விடுவோர் இக்கணக்கைக் கவனிக்க வேண்டும்.

ஏற்றுதலும் பிணித்தலும்

1. சமமான, கெட்டியான தரையிலேயே யந்திரத்தை ஏற்ற வேண்டும். வரப்போரத்தில் டிரெய்லரின் ஒரு பக்கச் சக்கரம் புதைந்தால் யந்திரம் கவிழும். டிரெய்லரின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்தல் அவசியம்.

2. தடத்தில் ஒட்டிய சேற்றை முதலில் சுரண்டி நீக்க வேண்டும். சாய்வுப் பலகையில் ஏறும்போது யந்திரத்தைத் திருப்பலாகாது. சைகை காட்டுவோர் ஒருவராகவே இருக்க வேண்டும். பக்கங்களில் எவரும் நிற்கக்கூடாது.

3. யந்திரம் தளத்தின் நடுக்கோட்டில் நிற்க வேண்டும். பாரம் மிகவும் பின்னே போனால் இழுக்கும் வண்டியின் பிடிப்புக் குறையும். மிகவும் முன்னே வந்தால் அவ்வண்டியின் அச்சுக்குப் பளு மிகும்.

4. புல்டோஸரின் தகட்டையும் பொக்லைனின் கையையும் தாழ இறக்கித் தனியே கட்ட வேண்டும். பொக்லைனின் மேற்பாகம் சுழலாதபடி பூட்ட வேண்டும்.

5. யந்திரம் செய்தோர் இதற்கென அமைத்த கண்ணிகளிலேயே சங்கிலியை மாட்ட வேண்டும். படிகளிலும், கைப்பிடிகளிலும், எண்ணெய்க் குழாய்களிலும் மாட்டலாகாது. முன் சங்கிலிகள் முன்னோக்கியும், பின் சங்கிலிகள் பின்னோக்கியும் இழுக்கட்டும்.

6. முடிச்சிட்ட சங்கிலியும், கண்ணி நீண்டோ விரிசல் கண்டோ இருக்கும் சங்கிலியும் உதவா. கயிறு நீண்டு கொடுக்குமாதலால் சங்கிலிக்கு ஈடாகாது.

வழியில் கவனிக்க வேண்டியவை

புறப்படும்போது இறுகியிருந்த சங்கிலி, குலுங்கலில் யந்திரம் படிந்தவுடன் தளர்வது இயல்பு. டயர் யந்திரமாயின் காற்றுக் குறைந்தாலும் தளரும். மேற்கூறிய விதிகளின்படி முதல் 80 கிலோமீட்டருக்குள் ஒருமுறையும், பின்னர் 3 மணி நேரம் அல்லது 240 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது, பிணைப்பைச் சோதித்தல் வேண்டும். பள்ளமும் மேடுமான கிராமச் சாலையில் சில கிலோமீட்டர் சென்றதுமே இறங்கிப் பார்ப்பது உத்தமம்.

விவசாயிகள் செய்யக்கூடிய உதவியும் உண்டு. யந்திரம் வருமுன்பே, தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளையும் பலஹீனமான மதகுப் பாலங்களையும் வண்டியோட்டிக்குத் தெரிவிக்கலாம். ஏற்றி இறக்கக் கெட்டித் தரை ஒன்றை ஒதுக்கி வைக்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, பருவம் தப்புகிறதென்று வண்டியோட்டியை அவசரப்படுத்தாதிருக்க வேண்டும். சங்கிலி கட்டச் செலவாகும் அரைமணி நேரத்தால் சாகுபடி கெடாது; கட்டாமல் விட்டதால் வரும் நஷ்டமோ ஈடு செய்யக்கூடியதன்று.