மூன்றாவது மாதத்து மாத்திரை

பெரம்பலூர்ப் பக்கத்துக் கல்குவாரித் தொழிலாளி ஒருவர் என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். வயது நாற்பதுதான், வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. மஞ்சப்பையை மேசையில் கவிழ்த்தார். ஐந்து இருமல் சிரப் பாட்டில்கள், மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாட்டிக் அட்டைகள். மூன்று மாத இருமலாம். "கிரஷர் தூசி சார்" என்றார். அந்தத் தூசிதான் நுரையீரலைக் கெடுத்துக் காசநோய்க்கு வழி விடுகிறது.

88ம் 68ம்

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி, சாதாரணக் காசநோய்க்குச் சிகிச்சை தொடங்கிய 100 பேரில் 88 பேருக்கு அது வெற்றி. மருந்துக்கு அடங்காத காசநோயில் 68 பேருக்குத்தான். பாதியில் மாத்திரையை நிறுத்துபவர் அந்த இரண்டாம் கூட்டத்தை நோக்கி நடக்கிறார்.

காதில் விழும் கதைகள்

"ரெண்டு மாசத்துல சரியாயிடுச்சு." இருமல்தான் போனது, கிருமி பதுங்கியிருக்கிறது. ஆறு மாதம் என்றால் ஆறு மாதம்தான்.

"சிறுநீர் சிவப்பா போகுது, சூடு." ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம் அது. பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானால் மட்டும் அன்றைக்கே ஓடி வாருங்கள்.

"தட்டு, டம்ளரைத் தனியா வெச்சுட்டோம்." இது காற்றில் பரவும் நோய், தட்டில் ஒட்டாது. சானடோரியத்தில் அடைக்காமல் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியதே நம் சென்னை ஆய்வுதான். அதனால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றாது என்பதையும் அது பின்னர் காட்டியது.

"ஆடாதோடைக் கஷாயம் போதும்." தொண்டைக்கு இதம் தரலாம். கிருமி சாகாது. அதைவிடக் கொடுமை, சீட்டில்லாமல் வாங்கும் ஆன்டிபயாட்டிக். சில நாள் நோயை மறைத்துவிட்டு, எங்களிடம் முற்றிய நிலையில் அனுப்புகிறது.

பரிசோதனை

சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே இரண்டும் அரசு மருத்துவமனையில் இலவசம்.

தாமதம் கொல்கிறது

சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களில்தான் சாவுகள் அதிகம். காரணம், எழுந்து நிற்கக்கூட முடியாத நிலையில் வருவது. அப்படிப்பட்டவர்களை முதல் நாளே கண்டறிந்து மருத்துவமனையில் சேர்க்கத்தான் தமிழக அரசு 2022இல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. ஆனால் நீங்கள் வந்தால்தானே சேர்க்க முடியும்?

கெஞ்சிக் கேட்கிறேன்

இரண்டு வாரம் இருமினால் வாருங்கள். குவாரி, சிமெண்ட் ஆலை வேலை என்றால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் அரசு தருகிறது. அதை முட்டையாக, பயறாக மாற்றுங்கள், மது பாட்டிலாக அல்ல. குடியும் காசநோய் மாத்திரையும் சேர்ந்தால் கல்லீரல் தாங்காது.

வீட்டுக்காரர்களே, மூன்றாம் மாதம் "நல்லாத்தானே இருக்கேன்" என்று நோயாளி சொல்லும்போது, ஒரு டம்ளர் தண்ணீரோடு மாத்திரையை நீட்டுங்கள். விழுங்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.