ரசீது எங்கே போயிற்று?

கம்ப்யூட்டரில் போட்டு வைத்த வீட்டு வரி ரசீது அவசரத்துக்கு அகப்படவில்லையா? பதற வேண்டாம். 'விண்டோஸ்' சாவியை அழுத்தியபடி 'இ' எழுத்தைத் தட்டுங்கள். 'பைல் எக்ஸ்புளோரர்' திறக்கும். 1995-ல் வேறு பெயரில் வந்த அலமாரிதான் இது. மேலே மூலையிலுள்ள தேடும் கட்டத்தில், பெயரில் ஒரு சொல்லை அடித்தால் போதும்.

ஆனால் பெயர் ஒழுங்காக இருக்க வேண்டுமே! "புதியது", "புதியது 2" என்றால் யாருக்கு விளங்கும்? "2024-03-15 வீட்டு வரி" என்று வையுங்கள். ஆண்டு முதலில் நின்றால், பெயர் வரிசையே தேதி வரிசையாகிவிடும். பழைய பெயரை மாற்ற 'எப் 2' சாவி.

தவறி அழித்தது பெரும்பாலும் குப்பைத் தொட்டியில் கிடக்கும், மீட்கலாம். பென் டிரைவில் அழித்தால் தொட்டிக்கே வராது! மகளின் கல்யாணப் படங்கள் அதில் மட்டும் இருந்தால்? இன்றைக்கே ஒரு நகலைக் கம்ப்யூட்டரில் போட்டு வையுங்கள்.