தலைமன்னாரிலிருந்து கட்டுநாயக்க வரை: வேலை விசாவோடு சிக்கலின்றி எல்லை கடப்பது எப்படி?

தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடிக் கரை ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான். கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போவதென்றால் மதவாச்சி சுற்றி ஓரிரவு முழுக்கப் பயணம். கடலில் வருமானம் குறைந்து, இந்திய இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துக்கொண்டு போகும் நிலையில், பேசாலையிலும் சிலாவத்துறையிலும் விடத்தல்தீவிலும் வெளிநாட்டு வேலையைப் பற்றிப் பேசாத வீடுகள் குறைவு. எந்த நாட்டுக்குப் போகலாம் என்றுதான் அங்கே அதிகம் பேசப்படுகிறது. எந்த வழியால், எந்தக் கடதாசியோடு போவது என்பதை ஏஜென்சிக்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். எமது மக்கள் அகப்பட்டுக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதலில் கடல் வழியைச் சொல்லிவிடுவோம். பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது, 2022 மார்ச் 22ஆம் திகதி, வடக்கிலிருந்து 16 பேர் தமிழகக் கரையை அடைந்தனர். அவர்களில் ஒரு பகுதியினர் சிறு பிள்ளைகளோடு தனுஷ்கோடிக்கு அருகே மணல் திட்டு ஒன்றில் இறக்கிவிடப்பட்டிருந்தார்கள். இந்தியக் கரையோரக் காவல் படைதான் அவர்களை மீட்டது. அந்த வழியில் போனவருக்கு வேலை விசா கிடையாது, அகதி முகாம்தான். 1948ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டப்படி, கடவுச்சீட்டு இல்லாமல், அங்கீகரிக்கப்பட்ட துறைமுகமோ விமான நிலையமோ அல்லாத இடத்தால் வெளியேறுவது குற்றம். யுத்த காலத்தில் உயிரைக் காக்கப் போனவரையும் இந்தச் சட்டம் விட்டுவைப்பதில்லை. 2025 மே மாதம், தமிழகத்தில் அகதியாக வாழ்ந்துவிட்டு ஐ.நா. அகதிகள் நிறுவனத்தின் உதவியோடு பலாலிக்குத் திரும்பிய முதியவர் ஒருவர் விமான நிலையத்தில் வைத்தே கைது செய்யப்பட்டார். முன்பு சட்டவிரோதமாக நாட்டை விட்டுப் போனார் என்பதே காரணம். பெரும் கண்டனம் எழுந்த பின்னர்தான் நடைமுறையை மாற்றுவதாக அரச தரப்பு சொன்னது.

இன்று கூடுதலாக நடப்பது வேறொன்று. கட்டுநாயக்கவால், சரியான கடவுச்சீட்டோடு, ஆனால் சுற்றுலா விசாவில் போவது. "விசிற் விசாவில போங்கோ, அங்க போய் மாத்தித் தருவம், எயார்போட்டில செற்றிங் இருக்கு" என்பார்கள். அந்தச் 'செற்றிங்' என்ற சொல் காதில் விழுந்தவுடன் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. 2022 நவம்பரில் வெளிவந்த ஓமான் விவகாரத்தில், சுற்றுலா விசாவில் கொண்டுபோகப்பட்ட பெண்கள் வீட்டுவேலைக்கு விற்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. மஸ்கட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் பணியாற்றிய அதிகாரி ஒருவரே கைதானார். கணினி வேலை என்று தாய்லாந்துக்குச் சுற்றுலா விசாவில் போன இலங்கை இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டார்கள். இவர்களும் விமான நிலையத்தைத் தடையின்றித்தான் தாண்டினார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

ஏன் அப்படி? சுற்றுலா விசாவில் போகும் ஒருவர், தான் வேலைக்குப் போகவில்லை என்று இரண்டு நாடுகளிடமும் தன் வாயாலேயே சொல்லிவிட்டுப் போகிறார். ஒப்பந்தம் இல்லை. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு இல்லை, ஆகவே பதிவோடு வரும் காப்புறுதியும் இல்லை. தூதரகத்திடம் இவர் யார் வீட்டில் இருக்கிறார் என்ற விபரமே இல்லை. சம்பளம் கொடுக்காத முதலாளியிடம் முறைப்பாடு என்று போனால், முதலில் பிடிபடுவது விசா இல்லாமல் வேலை செய்தவர்தான்.

ஒழுங்கான வழி இவ்வளவு ஆபத்தானதல்ல, ஆனால் பொறுமை வேண்டும். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அந்தப் பணியகம்தான் முகவர் நிலையங்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. அனுமதிப்பத்திரம் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் போகப்போகும் அந்த வேலைக்கு, அந்த நாட்டுக்கு, ஆட்களைச் சேர்க்கப் பணியகம் அந்த முகவருக்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். இரண்டையும் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். ஊருக்குள் வந்து ஆள் சேர்க்கும் தரகர் பெரும்பாலும் முகவர் அல்ல, முகவருக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். அவரிடம் கொடுக்கும் காசுக்குப் பற்றுச்சீட்டு வராது. பற்றுச்சீட்டு இல்லாத காசு திரும்பி வந்த கதை நான் கேட்டதில்லை.

விசாக் கடதாசி கைக்கு வந்ததும் அதை வாசியுங்கள். வளைகுடா நாடுகளின் விசா அரபியில் இருக்கும். ஏஜென்சியில் "சாரதி வேலை" என்று சொல்லியிருப்பார்கள், விசாவில் துப்புரவுத் தொழிலாளி என்றோ வீட்டுப் பணியாள் என்றோ இருக்கும். எருக்கலம்பிட்டியிலோ தாராபுரத்திலோ அரபு வாசிக்கத் தெரிந்த ஒரு மௌலவியிடம் காட்டினால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஒப்பந்தத்தில் உள்ள பெயர், கடவுச்சீட்டு இலக்கம், தொழில், முதலாளி ஆகிய நான்கும் விசாவில் உள்ளதோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அங்கே போய் 'திருத்தலாம்' என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

இனி எங்கள் பக்கத்துக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். ஒரு கொழும்பு இளைஞருக்கு ஒரு வாரத்தில் முடிகிற கடதாசி வேலை, மன்னாரில் மாதக்கணக்கில் இழுபடும். யுத்தத்தில் எரிந்த வீட்டோடு பிறப்புச் சான்றிதழ் போனவர்கள், 1990 ஒக்டோபரில் விரட்டப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்த முஸ்லிம் குடும்பங்கள், மண்டபம் முகாமில் பிறந்து திரும்பி வந்த பிள்ளைகள் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கதை. பதிவு இருந்து பிரதி மட்டும் தொலைந்ததென்றால், பிறப்புப் பதிவான பகுதிக்குரிய பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். பதிவே இல்லையென்றால் காலம் கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பாடசாலைப் பதிவேடும் ஞானஸ்நானச் சான்றிதழும் உதவும். வீட்டில் ஒன்றும் மிஞ்சாத குடும்பத்துக்கும் பங்குத்தந்தையின் அலுமாரியில் ஒரு வரி இருக்கக்கூடும். போய்க் கேளுங்கள்.

இந்தியாவில் பிறந்தவர் நிலை வேறு. அங்கே எடுத்த பிறப்புச் சான்றிதழ் பிறந்ததற்கு ஆதாரம்தான், இலங்கைப் பிரஜை என்பதற்கு ஆதாரமல்ல. குடியுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின் கீழ் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் பதிந்து, குடியுரிமைச் சான்றிதழ் பெற வேண்டும். அதன் பிறகுதான் அடையாள அட்டையும் கடவுச்சீட்டும். வேலை கிடைத்த பிறகு இதைத் தொடங்கினால், விசாவின் காலம் முடிந்துவிடும். முன்னரெல்லாம் கடவுச்சீட்டுக்கு வவுனியா அலுவலகத்தில் விடியமுன் வரிசையில் நிற்பதே வழக்கம். 2025 செப்ரெம்பரில் யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் திறக்கப்பட்டிருக்கிறது.

எழுத்துக்கூட்டல் சிறிய விடயம் போலத் தெரியும். அந்தோனி என்ற பெயரை ஆங்கிலத்தில் 'எச்' போட்டும் எழுதுகிறார்கள், போடாமலும் எழுதுகிறார்கள். பாடசாலைச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று, முகாம் கடதாசியில் தகப்பன் பெயர் வெறும் முதலெழுத்து. ஊரில் இதை ஒருவரும் பொருட்படுத்தமாட்டார்கள். கணினியோ இரண்டு ஆட்கள் என்று சொல்லும். கடவுச்சீட்டு எடுக்கும் முன்பே எல்லாவற்றையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவருவது மலிவு.

பெண்களுக்கு இன்னும் ஒரு படி உண்டு. வீட்டுப் பணிக்குப் போகும் தாய்மாரின் குடும்ப நிலையை ஆராயும் நடைமுறை 2013இல் வந்தது. பிள்ளைகளின் வயது, அவர்களைப் பார்த்துக்கொள்பவர், கணவரின் சம்மதம் எல்லாம் அதில் கேட்கப்பட்டன. விதிகள் பலமுறை மாறியுள்ளன, எனவே இன்றைய நிலையைப் பிரதேச செயலகத்தில் உள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் நேரில் கேட்பதே சரி. கணவர் காணாமல் ஆக்கப்பட்ட ஒரு பெண் அந்தப் படிவத்தின் முன் என்ன எழுதுவார்? மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்வார்கள். அவர் இறந்துவிட்டார் என்று கையெழுத்திட மனம் வராது, வரவும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி காணப்படாமைச் சான்றிதழ் பெறலாம். அது மரணத்தை ஒப்புக்கொள்வதாகாது, தேடலையும் நிறுத்தாது. அதைக் காட்டியும் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

காசைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுப் பணிக்குப் போகும் பெண்களின் குடும்பத்துக்குத் தரகர்கள் முற்பணம் கொடுப்பதுண்டு. மனம் மாறினால் அதைத் திருப்பிக் கேட்டு மிரட்டுவார்கள். இது மன்னார்க் கரைக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் கழுத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரத்துண்டு ஒன்று தொங்கியது. எந்தத் தோட்டத்துக்குரிய ஆள் என்று அதில் இருக்கும். அதைக் காட்டினால் வழிச்செலவு வேறொருவர் பொறுப்பு, பயணம் இலகு. தோட்டத்துக்குப் போனதும் செலவு கங்காணிக் கணக்கில் கடனாக நின்றது. 'உங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை' என்று யாராவது சொன்னால் அந்தத் தகரத்தை நினைத்துக்கொள்ளலாம்.

பயண நாளில் மூலப் பிரதிகள் உங்கள் கைப்பையில் இருக்கட்டும், தரகரின் உறையில் அல்ல. விமான நிலையத்தில் பணியகப் பதிவு சரிபார்க்கப்படும், பிறகு குடிவரவு அதிகாரி கேள்வி கேட்பார். எங்கே போகிறீர்கள், என்ன வேலை, யாரிடம் என்பவைதான் கேள்விகள். தமிழில் பதில் சொல்லலாம், பாடமாக்கிய பொய் தேவையில்லை. ஒப்பந்தம், விசா, பதிவு மூன்றையும் தொலைபேசியில் படமெடுத்து வீட்டிலும் ஒரு பிரதி விட்டுச் செல்லுங்கள். நீங்கள் அங்கே மௌனமாகிவிட்டால், பத்தரமுல்லையில் உள்ள பணியகத்துக்கு வீட்டார் கொண்டுபோக வேண்டிய கடதாசி அதுதான். ஆவணக் குறைபாட்டால் விமானத்தில் ஏற விடாமல் திருப்பினால், காரணத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பற்றுச்சீட்டும் இருந்தால் முகவருக்கு எதிராக அங்கேயே முறைப்பாடு செய்யலாம்.