ஒரே முகவரி, மூன்று கருவிகள்: பனியன் அலுவலகத்துக்கு ஏற்ற மின்னஞ்சல் முறை எது?

திருப்பூர் மாவட்டம் ஊத்துக்குளி வட்டத்திலுள்ள குன்னத்தூரில் வெளிநாட்டு ஆர்டருக்குத் தைக்கும் ஒரு பனியன் கம்பெனி, அளவுப் பட்டியல், சாம்பிள் ஒப்புதல், கப்பல் தேதி மாற்றம் ஆகியவற்றையெல்லாம் மின்னஞ்சலில்தான் பெறுகிறது என்பதால், ஒரே முகவரிக்கு வரும் கடிதத்தை அலுவலகக் கணினி, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் லேப்டாப், உரிமையாளரின் கைபேசி ஆகிய மூன்றிலும் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் கருவிகளில் கணக்கைச் சேர்க்கும்போது பாப்3, ஐமேப் என்னும் இரு நெறிமுறைகளில், அதாவது சர்வரிலுள்ள கடிதத்தைக் கருவி பெறுவதற்கான இரு விதித் தொகுப்புகளில், ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்கிறது.

பாப் நெறிமுறை 1984இல் வரையறுக்கப்பட்டு, 1988இல் மூன்றாம் பதிப்பை அடைந்தது. இணைப்பு ஏற்பட்டதும் புதிய கடிதங்களைக் கணினிக்கு இறக்கி, சர்வரிலுள்ள படியை நீக்கிவிட்டு, இணைப்பைத் துண்டிப்பதே அதன் அடிப்படை நடைமுறை. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான வி.எஸ்.என்.எல். இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, தொலைபேசி வழியாக டயல் செய்தே இணைய வேண்டியிருந்த நிலையில், இணைப்பு நேரத்தைக் குறைக்கும் இந்த ஏற்பாடு மிகப் பொருத்தமாக இருந்தது.

ஐமேப், 1986இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கியது. இதில் மூலக் கடிதம் சர்வரிலேயே தங்குகிறது. கருவிகள் அதைக் காட்டும் படிகளை மட்டுமே வைத்திருப்பதால், படித்தது, படிக்காதது, கோப்புறைக்கு மாற்றியது என்ற நிலைகளெல்லாம் எல்லாக் கருவிகளிலும் ஒன்றாகவே தெரிகின்றன. புதிய கடிதம் வந்ததைச் சர்வரே உடனுக்குடன் அறிவிக்கும் வசதி 1997இல் இதனுடன் சேர்க்கப்பட்டது.

இந்த வேறுபாட்டின் விளைவு கட்டிங் மேசை வரை செல்லக்கூடியது. அளவை மாற்றச் சொல்லி இரவில் பையர் அனுப்பும் கடிதத்தை, பாப்3 முறையில் அமைந்த அலுவலகக் கணினி இறக்கிக்கொண்டு சர்வரிலிருந்து நீக்கிவிட்டால், வெளியூரிலுள்ள மெர்ச்சண்டைசருக்கு அப்படியொரு கடிதம் வந்ததே தெரியாமல், பழைய அளவிலேயே துணி வெட்டப்படலாம். அதைவிடக் கவனிக்கப்படாத குறை, பாப்3 உள்பெட்டியை மட்டுமே கையாள்வதாகும். மெர்ச்சண்டைசர் எழுதிய பதில் அவரது லேப்டாப்பிலேயே தங்கிவிடும் என்பதால், பையருக்கு எந்தத் தேதி வாக்களிக்கப்பட்டது என்பதை உரிமையாளர் தம் கைபேசியில் காண முடியாது. ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகள் உள்ள இடத்தில் ஐமேப்தான் சரியான தேர்வு என்று தயக்கமின்றிக் கூறலாம்.

ஆயினும் ஐமேப்பைக் காப்புப் பிரதியாகக் கருதுவது ஆபத்தானது. ஒரு கைபேசியில் தவறுதலாக அழிக்கப்படும் கடிதம் எல்லாக் கருவிகளிலிருந்தும் மறைந்துவிடும். ஜிஎஸ்டி சட்டம் கணக்கு ஆவணங்களை, ஆண்டறிக்கை தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்கச் சொல்கிறது. மின்னஞ்சலில் வரும் பில்களும் அவற்றில் அடங்கும். ஆகவே அலுவலகத்தில் ஒரு கணினியை மட்டும் பாப்3 முறையில் அமைத்து, சர்வரில் படியை விட்டுவைக்கும் தெரிவைக் கட்டாயம் இயக்கி வைப்பது நல்லது. அனுப்பிய கடிதங்களுக்குத் தனியாக நகல் எடுக்க வேண்டியிருக்கும்.

எந்த முறையானாலும், கடவுச்சொல்லும் கடிதமும் வழியில் பிறர் படிக்க இயலாதபடி மறையாக்கம் செய்யப்பட வேண்டும். அதற்குரிய இணைப்பு வாயில் எண் பாப்3க்கு 995, ஐமேப்புக்கு 993. வங்கிக் கணக்கு எண்ணை மாற்றி மோசடி செய்வோர் குறிவைப்பது இத்தகைய வணிகக் கடிதங்களையே என்பதால், இதில் அலட்சியம் கூடாது.

பல ஆண்டுகளாகப் பாப்3 முறையில் இயங்கிய அலுவலகம் ஐமேப்புக்கு மாறும்போது, பழைய கடிதங்கள் அந்த ஒரு கணினியில் மட்டுமே இருக்கக்கூடும் என்பதால், சர்வரில் போதிய இடம் இருப்பதை உறுதிசெய்து, புதிய கணக்கின் கோப்புறைகளுக்கு அவற்றை நகலெடுத்து, வேறொரு கருவியில் திறந்து சரிபார்த்த பின்னரே பழைய கணக்கை நீக்க வேண்டும்.