பாட்டில் குளிர்பானமா? ஒரு பிடி கடலையா?

வெயிலில் வேலை செய்கிறோம். களைப்பு வருகிறது. பெட்டிக்கடையில் கலர் கலராகக் குளிர்பானங்கள் இருக்கின்றன. ஒன்றை வாங்கிக் குடிக்கிறோம். உடனே தெம்பு வந்தது போல இருக்கிறது. அந்தத் தெம்பு எதனால் வருகிறது? எவ்வளவு நேரம் நிற்கும்?

பாட்டிலில் என்ன இருக்கிறது?

தண்ணீர், சர்க்கரை, வாயு, நிறம், மணம், கொஞ்சம் புளிப்பு. அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். பல குளிர்பானங்களில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. அப்படியானால் 250 மில்லி பாட்டிலில் 25 கிராம். ஒரு தேக்கரண்டி சர்க்கரை 5 கிராம் என்று வைப்போம். ஒரு பாட்டிலில் 5 கரண்டி! ஒரு டம்ளர் டீயில் இவ்வளவு சர்க்கரை போட்டால் குடிப்போமா?

பெரியவர்கள் ஒரு நாளில் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. ஒரு பாட்டிலிலேயே அந்த அளவு முடிந்துவிடுகிறது.

இந்தச் சர்க்கரை வேகமாக இரத்தத்தில் கலக்கிறது. வந்த தெம்பு சீக்கிரம் போய்விடுகிறது. உடலை வளர்க்கும் புரதம் இதில் இல்லை. இரும்புச்சத்து இல்லை. நார்ச்சத்தும் இல்லை. அடிக்கடி குடித்தால் பல் சொத்தையாகும். உடல் பருக்கும். சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் கூடும்.

கடலையில் என்ன இருக்கிறது?

ஒரு பெரிய பிடி கொண்டைக்கடலை சுமார் 50 கிராம் இருக்கும். அதில் சுமார் 9 கிராம் புரதம் இருக்கிறது. இரும்புச்சத்தும் நார்ச்சத்தும் உண்டு. கடலை மெதுவாகச் செரிக்கும். அதனால் பசி தாங்கும்.

நம் நாட்டில் இரும்புச்சத்து மிகவும் தேவை. 2019-21இல் தேசிய குடும்ப நல ஆய்வு நடந்தது. 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. கடலை மட்டும் இதைத் தீர்த்துவிடாது. கீரையும் வேண்டும். சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையும் வேண்டும். சுண்டலில் எலுமிச்சம்பழம் பிழியுங்கள். இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும்.

நாடு முழுவதும் பயறு

பஞ்சாபில் ராஜ்மாவும் சோறும் சாப்பிடுகிறார்கள். மகாராஷ்டிராவில் முளைகட்டிய பயறில் உசள் செய்கிறார்கள். கர்நாடகத்தில் கொள்ளுச் சாறு வைக்கிறார்கள். பீகாரில் உழைப்பாளிகள் வறுத்த கடலை மாவைத் தண்ணீரில் கரைக்கிறார்கள். உப்பு, வெங்காயம், எலுமிச்சம்பழம் சேர்த்துக் குடிக்கிறார்கள். தாகமும் தீரும், பசியும் தீரும். அந்த மாவின் பெயர் என்ன தெரியுமா? ‘சத்து’!

நகரக் கடைகளில் வேகவைத்த பயறு டப்பாவில் வருகிறது. அதிலும் சத்து உண்டு. ஆனால் உப்பு அதிகம் இருக்கும். தண்ணீரை வடித்து, கழுவிச் சமையுங்கள்.

நினைவில் வையுங்கள்

குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? குளிர்பானம் கொடுக்காதீர்கள். அதிகச் சர்க்கரையால் போக்கு கூடலாம். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கொடுங்கள். சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

செய்து பாருங்கள்

1. ஒரு குளிர்பானப் பாட்டிலின் மேலுள்ள எண்களைப் படியுங்கள். அதில் எத்தனை கரண்டி சர்க்கரை?
2. அந்தப் பாட்டிலின் விலைக்கு எத்தனை கிராம் கடலை வாங்கலாம்? கணக்கிட்டு எழுதுங்கள்.