அப்புக்காத்தாக வேண்டுமா?

"நான் சட்டம் படிக்கப் போறன்" என்று உம்மம்மாவிடம் சொன்னபோது, "அப்புக்காத்தா? பொம்புளப் புள்ளயா?" என்று கேட்டார். அவர் காலத்தில் வழக்குப் பேசுபவர் அப்புக்காத்து, வழக்குத் தாள்களைத் தயார் செய்பவர் பிறக்கிராசி. 1974 முதல் இருவரும் ஒன்றாக்கப்பட்டுச் 'சட்டத்தரணி' என்ற ஒரே பெயர் வந்துவிட்டது. உம்மம்மாவுக்கு மட்டும் இன்னும் வரவில்லை!

உயர்தரம் முடித்த ஒருவருக்கு இங்கே இரண்டு வழிகள் உண்டு. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் நான்கு வருட சட்டமாணிப் பட்டம் படிக்கலாம். இதற்கு இசட் புள்ளி மிக உயர்வாக வர வேண்டும். அது கிடைக்காதவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகமும் இருக்கிறது. மற்ற வழி, 1874 இல் தொடங்கிய, புதுக்கடையில் உள்ள இலங்கைச் சட்டக் கல்லூரி. அங்கே நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும். மொழித் திறனும் பொது அறிவும் சோதிக்கப்படும். சித்தியடைந்தால் மூன்று வருடப் படிப்பு.

பல பெற்றோருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பல்கலைக்கழகப் பட்டம் பெற்றாலும் உடனே நீதிமன்றத்தில் வாதாட முடியாது. அவர்களும் சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சையில் சித்தியடைந்து, ஒரு சட்டத்தரணியிடம் ஆறு மாதம் பயிற்சி பெற்று, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். ஆகவே "நாலு வருசத்தில் முடிஞ்சிடும்" என்று கணக்குப் போட வேண்டாம்.

இனி என் கதை. சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க உயர்தரத்தில் மூன்று பாடச் சித்தி மட்டும் போதாது. சாதாரண தரத்தில் ஆங்கிலத்திலும், தமிழ் அல்லது சிங்களத்திலும் திறமைச் சித்தி, அதாவது 'சி' வேண்டும். எனக்குத் தமிழில் 'ஏ'. ஆங்கிலத்தில் 'எஸ்'. பெறுபேறு வந்த அன்று அது பெரிதாகத் தெரியவில்லை, எல்லாப் பாடமும் சித்திதானே என்று வீட்டில் வட்டிலப்பம் செய்து கொடுத்தார்கள். கலைப் பிரிவில் சேர்ந்து எட்டு மாதம் கழித்து, பழைய விண்ணப்ப அறிவித்தல் ஒன்றை வாசித்தபோதுதான் என் ஆசைக்கு அந்த ஒரு எழுத்து தடையாக நிற்பது புரிந்தது. உயர்தரப் படிப்போடு தனியார் பரீட்சார்த்தியாக ஆங்கிலத்தை மீண்டும் எழுதினேன். ஒன்பதாம், பத்தாம் தரத் தங்கைகளே, உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த 2020 இன் இறுதியில் விதிகள் வர்த்தமானியில் வெளியாயின. 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அவற்றைத் தோற்கடித்தது. தமிழில் படித்த எங்களுக்கு அது ஆறுதல்தான். ஆனால் முன்தீர்ப்புகளைத் தேடிப் போனால் அவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்றங்களில் பேசப்படுவது பெரும்பாலும் சிங்களம். எனவே மூன்று மொழிகளும் வேண்டும். இதைச் சொன்னால் என் தோழிகள் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் உண்மை அதுதான்.

நான் செய்யும் பயிற்சி செலவில்லாதது. அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தில் அடிப்படை உரிமைகள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஓர் உறுப்புரையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பேன். 12 ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. சரி, அந்த உரிமையை அரசு அதிகாரி ஒருவர் மீறினால்? 126 ஆம் உறுப்புரையைப் பாருங்கள். ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும். இப்படி ஒன்று மற்றொன்றுக்கு இழுத்துச் செல்லும். மனப்பாடம் செய்வதைவிட இது சுவையானது. விவாதக் குழுவில் சேருவதும் நல்லது, நமக்குப் பிடிக்காத பக்கத்துக்காகப் பேசப் பழகலாம்.

"நம்மட ஆக்களுக்கு இது சரிவருமா?" என்று வாப்பா ஒருமுறை கேட்டார். முஸ்லிம் பெண்களின் கல்விக்காகப் பாடுபட்ட அறிஞர் சித்திலெப்பையே ஒரு சட்டத்தரணிதான் என்று சொன்னேன். 1905 இல் துருக்கித் தொப்பியுடன் வாதாட அனுமதி மறுக்கப்பட்ட எம்.சி. அப்துல் காதருக்காக முஸ்லிம்கள் மருதானையில் ஒன்றுகூடியதையும் சொன்னேன். இன்று ஹிஜாப் அணிந்த சட்டத்தரணி ராத்தாமார் நீதிமன்றத்தில் வாதாடுகிறார்கள். வாப்பா பதில் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் வேலை முடிந்து வரும்போது ஆங்கிலப் பத்திரிகை ஒன்றை வாங்கி வந்தார்.

என் ஆங்கிலப் பெறுபேறு இன்னும் வரவில்லை. இந்த முறை யாரும் வட்டிலப்பத்துக்கு அவசரப்பட வேண்டாம் என்று உம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.